சிறையில் இருந்தபடி வேட்புமனு: எந்தக் கையெழுத்து யார் முன்னால்?

கடலூர் கேப்பர் மலைச் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்த ஒருவருக்காக, சட்டமன்றத் தேர்தல் மனு வேலைகளை நான்தான் ஓடியாடிப் பார்த்தேன். படிவம் வாங்குவது, டெபாசிட் கட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

1. படிவம் 26 பிரமாணப் பத்திரம்
வேட்பாளர் தன் சொத்து, கடன், வழக்கு விவரங்களைச் சொல்லும் பத்திரம் இது. சிறைக் கண்காணிப்பாளர் முன் கையெழுத்திட்டால் செல்லாது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட், நோட்டரி, உயர் நீதிமன்றம் நியமித்த ஓத் கமிஷனர், இவர்களில் ஒருவர் வேண்டும். என்னைக் கேட்டால் நோட்டரிதான் சௌகரியம். அவர் உள்ளே வர முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. பொருந்தாத இடத்தில் 'இல்லை' என்று எழுதச் சொல்லுங்கள்.

2. வேட்புமனு
வேட்பாளரும் முன்மொழிபவரும் கையெழுத்திட்டால் போதும். காலை 11 முதல் மாலை 3 மணிக்குள் முன்மொழிபவரே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

3. உறுதிமொழி
அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்க வேண்டிய உறுதிமொழி இது. இதற்குத்தான் சிறைக் கண்காணிப்பாளர். கைதி வேட்பாளருக்கு உறுதிமொழி செய்துவைக்கத் தேர்தல் ஆணையம் அவருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. (ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு மருத்துவக் கண்காணிப்பாளர்.)

நோட்டரி வந்த அன்றே இதையும் முடித்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. 'வேட்பாளராக நியமனம் செய்யப்பட்டுள்ள நான்' என்றுதான் உறுதிமொழியே தொடங்குகிறது. மனு தாக்கலாகாமல் அதை எப்படிச் சொல்வது? மனு கொடுத்த பிறகு, மனுக்கள் செல்லுமா என்று பார்க்கும் பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்தாக வேண்டும் என்று 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பரிசீலனையன்று காலையில் எடுத்தாலும் பிரயோஜனமில்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், மனுத் தாக்கலின் கடைசி நாளுக்கு மறுநாளே பெரும்பாலும் பரிசீலனை. கடைசி நாள் மூன்று மணிக்கு மனு கொடுத்தால், அன்று மாலை கேட் மூடுவதற்குள் மலைக்கு ஓட வேண்டும். அதனால் முதல் இரண்டு நாளிலேயே தாக்கல் செய்துவிடுங்கள். வாசித்தால் மட்டும் போதாது, கையெழுத்தும் வேண்டும். கண்காணிப்பாளர் கையொப்பமும் முத்திரையும் இட்ட தாளைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

பின்சேர்க்கை: புதுச்சேரியின் காலாப்பட்டுச் சிறைக்கும் இதே உறுதிமொழித் தாள் போதுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். புதுச்சேரி சட்டமன்றத்துக்கு 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள வாசகம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை. கடலூரில் ஜெராக்ஸ் எடுத்ததைத் தூக்கிக்கொண்டு போகாமல், அங்குள்ள தேர்தல் அலுவலரிடமே படிவம் வாங்கிக்கொள்ளுங்கள்.