பழைய ஸ்லைடிங் கதவை மாற்றுவது எப்படி? கொழும்பு வீட்டுக்கான செய்முறை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. பின் விறாந்தைக்குத் திறக்கும் அலுமினிய ஸ்லைடிங் கதவு இருபது வருடத்துக்கு மேல் உழைத்தது. கடைசிக் காலத்தில் அதைத் தள்ள அம்மாவுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. வைகாசி மழை தொடங்கினால் ஹோலுக்குள் தண்ணீர் வந்துவிடும். கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. முன்பு பழுது பார்த்தவர், கீழ்ச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் இருந்த வடிகால் துளைகளைச் சீமெந்து வைத்து அடைத்திருந்தார். ட்ராக்குக்குள் விழுந்த மழைத் தண்ணீருக்கு வீட்டுக்குள் வருவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதனால் இந்தக் குறிப்பில் கதவின் அடிப்பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

மாற்றத்தான் வேண்டுமா?

கதவு இறுகிவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். ட்ராக்கில் சேர்ந்த மண்ணையும் உப்பையும் பழைய பல்துலக்கியால் சுரண்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பாருங்கள். சட்டம் நேராக இருந்து றோலர் (கதவின் அடியில் உருளும் சிறு சக்கரம்) மட்டும் தேய்ந்திருந்தால், பழைய றோலரைக் கழற்றிக் கையோடு பழைய சோனகத் தெருப் பக்கத்து ஹார்ட்வெயார் கடைகளுக்குக் கொண்டுபோய், அதே அளவில் ஒன்று தேடுங்கள். பெருஞ்செலவு மிச்சம்.

சட்டத்தில் வெள்ளைப் பொடி கிளம்பி ஓட்டை விழுந்திருந்தாலோ, சட்டம் வளைந்திருந்தாலோ, மாற்றுவதுதான் சரி. கண்ணாடியையும் கவனியுங்கள். பழைய வீடுகளில் சாதாரணக் கண்ணாடி போட்டிருப்பார்கள். உடைந்தால் கத்தி போன்ற துண்டுகள் வரும். குழந்தைகள் ஓடித் திரியும் வீட்டில் இந்த ஒரு காரணமே போதும்.

மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பல்கனிக் கதவில் கைவைக்க முன் நிர்வாகக் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாராக இருந்தாலும், கதவு வாசலைப் பெரிதாக்க நினைத்தால் அது லிண்டலையும் (வாசலுக்கு மேல் சுவரைத் தாங்கும் விட்டம்) சுவரையும் தொடும் வேலை. அதற்கு ஒரு பொறியியலாளர் வேண்டும். இங்கே சொல்வது, இருக்கும் வாசலில் இன்னொரு கதவை வைப்பது மட்டும்.

எப்போது?

தைப்பொங்கல் முடிந்து சித்திரைப் புத்தாண்டுக்குள். தை, மாசியில் கொழும்பில் மழை குறைவு. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்தால், கடல் பக்கம் பார்த்த கதவில் மழை நேராக அடிக்கும். புத்தாண்டுக்குப் பாஸ்மார் (மேசன், தச்சு வேலை செய்பவர்கள்) ஊருக்குப் போனால் திரும்பி வரவும் சில கிழமை எடுக்கும்.

அளவெடுத்தல்

அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, மூன்றிலும் சிறியதை எடுங்கள். உயரத்தையும் இடம், நடு, வலம் என அப்படியே. பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளவுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வாசலின் மூலைகள் கோணாமல் நேராக இருக்கின்றன. ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தால், முதலில் பூச்சு வேலை செய்து வாசலைச் சரிப்படுத்த வேண்டும். கிடைத்த சிறிய அளவிலிருந்து அகலத்திலும் உயரத்திலும் 10 மில்லிமீற்றர் கழித்து ஓடர் கொடுங்கள். சுற்றிவர 5 மில்லிமீற்றர் இடைவெளி கிடைக்கும்.

பட்டறையில் அடி, அங்குலத்தில் பேசுவார்கள். நீங்கள் மில்லிமீற்றரில் எழுதிக் கொடுங்கள். டெம்பர்ட் கண்ணாடியை (சூடாக்கிக் கடினப்படுத்திய, உடைந்தால் சிறு துண்டுகளாக உதிரும் பாதுகாப்புக் கண்ணாடி) செய்த பிறகு வெட்ட முடியாது. அளவு பிழைத்தால் கண்ணாடி முழுவதும் வீண்.

ஓடர் கொடுக்கும்போது இவற்றையும் கேளுங்கள்: வடிகால் துளைகள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், கீழ்ச் சட்டத்தின் உள் விளிம்பு வெளி விளிம்பை விட உயர்ந்திருக்க வேண்டும், திருகாணிகள் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வேண்டும். 304 மலிவுதான், ஆனால் கடலுக்கு இவ்வளவு கிட்ட அதிலும் கறள் பிடிக்கும்.

பழையதைக் கழற்றுதல்

காலையிலேயே தொடங்குங்கள். இரவுக்குள் முடியாவிட்டால் வாசலை மறைக்க ஒரு பிளைவூட் பலகை தயாராக இருக்கட்டும். கையுறை, சப்பாத்து, கண்ணாடிக்குக் குறுக்கும் மறுக்குமாக மாஸ்கிங் டேப். இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். கண்ணாடியின் எடை, ஒரு சதுர மீற்றருக்கு மில்லிமீற்றர் தடிப்பு ஒன்றுக்கு 2.5 கிலோ. மூன்றடி அகலம், ஏழடி உயரக் கதவில் 6 மில்லிமீற்றர் கண்ணாடி மட்டுமே 29 கிலோ வரும்.

ஓடும் கதவின் கீழ் ஓரத்தில் றோலரை ஏற்றி இறக்கும் திருகு இருக்கும். அதைத் திருப்பி றோலரை உள்ளே ஏற்றுங்கள். பிறகு கதவை மேலே தூக்கி, அடியை உங்கள் பக்கம் இழுத்தால் வந்துவிடும். நிலையாக நிற்கும் கதவை, அதைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி எடுங்கள். சட்டம் வராவிட்டால் நடுவில் அறுத்து, அலவாங்கால் மெல்ல நெம்புங்கள். அவசரப்பட்டால் சுவர்ப் பூச்சும் சேர்ந்து வரும்.

படி

பழைய சட்டத்தின் அடியில் இருந்த தளர்ந்த சீமெந்தை எல்லாம் உளியால் கொத்தி எடுத்து, தூசியைக் கழுவுங்கள். சட்டம் உட்காரும் இடம் துல்லியமாக மட்டமாக இருக்க வேண்டும். அதற்கு வெளியே உள்ள படி மட்டும் விறாந்தைப் பக்கம் சரிய வேண்டும். ஒரு அடிக்குக் கால் அங்குலச் சரிவு போதும். புதிதாகப் பூசினால் நன்றாக இறுக விடுங்கள். பிறகு நீர்க்காப்புப் பூச்சை இரண்டு முறை அடித்து, வாசலின் இரு பக்கச் சுவரிலும் அரை அடி உயரம் வரை ஏற்றுங்கள்.

ஈரச் சீமெந்துக்குள் அலுமினியத்தைப் புதைக்க வேண்டாம். சீமெந்தின் காரம் அலுமினியத்தை அரிக்கும். "சீமெந்து வைத்து இறுக்கினால்தான் பலம்" என்று சில பாஸ்மார் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுப் பழைய சட்டம் அரித்திருந்ததும் சரியாக அந்த இடத்தில்தான்.

சட்டத்தைப் பொருத்துதல்

சட்டத்தை வாசலில் நிறுத்தி, அடியிலும் பக்கங்களிலும் பிளாஸ்டிக் ஆப்பு வைத்து ஸ்பிரிட் லெவலால் பாருங்கள். முதலில் அடி, பிறகு பக்கங்கள், கடைசியில் மறுபடியும் மூலைவிட்டம். சரி என்றால் மட்டும் ட்ரில் பண்ணி, ரோல் பிளக் (திருகாணியைப் பிடிக்கச் சுவர்த் துளைக்குள் வைக்கும் பிளாஸ்டிக் குழல்) போட்டு, திருகாணியை ஆப்பு இருக்கும் இடத்தில் முடுக்குங்கள். அளவுக்கு மீறி முடுக்கினால் சட்டம் சுவர்ப் பக்கம் வளைந்து, கதவு நேராக மூடாது. கீழ் ட்ராக்கில் போடும் ஒவ்வொரு திருகாணிக்கும், துளைக்குள் முதலில் சிலிக்கோன் நிரப்பிய பிறகே திருகாணி.

சுற்றியுள்ள இடைவெளியை வெளிப்பக்கம் சிலிக்கோனால் மூடுங்கள். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். வினாகிரி மணக்கும் வகை சீமெந்தோடு சேராது. வடிகால் துளைகள் மேல் ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது. வேலை செய்யும்போது அவற்றின் மேல் டேப் ஒட்டிவைத்து, முடிந்ததும் மறக்காமல் உரியுங்கள்.

தண்ணீர் சோதனை

ஒரு நாள் காய விடுங்கள். கதவுகளைப் போட முன், ஒரு வாளித் தண்ணீரை மெல்ல ட்ராக்கில் ஊற்றுங்கள். தண்ணீர் முழுவதும் வெளித்துளைகளால் விறாந்தைக்குப் போக வேண்டும். உள் தரையில் ஈரம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். ட்ராக்கில் தண்ணீர் தேங்கி நின்றாலும் விடக்கூடாது. டெங்கு நுளம்புக்கு அவ்வளவு தண்ணீரும் ஒரு கிழமையும் போதும்.

கதவுகள்

நிலையான கதவு முதலில், ஓடும் கதவு பிறகு. மேல் விளிம்பை மேல் ட்ராக்குக்குள் செலுத்தி, தூக்கி, அடியை இறக்குங்கள். றோலர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கதவின் ஓரம் சட்டத்துக்குச் சமாந்தரமாக வரும் வரை சரிசெய்யுங்கள். அப்புறம் பூட்டு. கதவை வெளியிலிருந்து தூக்கிக் கழற்ற முடியாதபடி மேல் ட்ராக்கில் போடும் கட்டையைப் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். கேட்டு வாங்கிப் போடுங்கள்.

ட்ராக்குக்குத் தேங்காய் எண்ணெயோ கிறீஸோ பூச வேண்டாம். மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, காய்ந்ததும் சிலிக்கோன் ஸ்பிறே அடித்து, வடிகால் துளைகளுக்குள் ஒரு ஈர்க்கை விட்டுப் பாருங்கள்.