பாலிஹவுஸில் புது ஈயா? மருந்து டப்பாவைக் கீழே வையுங்கள்

போன மாதம் கோத்தகிரிப் பக்கம் ஒரு தம்பியின் பாலிஹவுஸுக்குப் போயிருந்தேன். பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக்குடில், உள்ளே கார்னேஷன் பூச்செடி. வெளியே மூடுபனி விலகாத காலை. உள்ளே சட்டை நனைகிற வெக்கை. போனதும் போனை நீட்டினான். "அண்ணா, புதுசா ஒரு ஈ வந்திருக்கு. ஆப்ல போட்டுப் பார்த்தேன், வீட்டு ஈன்னு காட்டுது. எதுக்கு வம்பு, நாளைக்கு மருந்து அடிச்சிரலாம்னு இருக்கேன்."

பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் அடித்தும் தொலைத்தேன்.

வெள்ளை ஈ ஈயே இல்லை, தேனீ போல வரிபோட்ட பூ ஈ கொட்டாது என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இறக்கை ஒரே ஜோடி, அதற்குப் பின்னால் குண்டூசித் தலை போல இரண்டு குமிழ். இவ்வளவும் இருந்தால் ஈ இனம். அது போதும், இனி நாம் வழக்கமாகச் செய்கிற தவறுகளுக்கு வருவோம்.

எல்லாவற்றையும் 'கொசு' என்பது

செடி நட்ட கோகோபீட்டிலிருந்து, அதாவது தென்னை நார்த்தூளிலிருந்து, கிளம்புகிற பொடிசு எதுவானாலும் நமக்குக் கொசுதான். ஆனால் அதில் இரண்டு வேறு வேறு கூட்டம் இருக்கும். பூஞ்சை ஈ ஒல்லி. கால் நீளம், உணர்கொம்பும் நீளம். லென்ஸில் இறக்கையைப் பார்த்தால் நடுவில் ஒரு நரம்பு கவட்டைபோலப் பிரிந்து நிற்கும். பாசி ஈ குட்டையாகத் தடித்திருக்கும். உணர்கொம்பு இருப்பதே தெரியாது. கறுத்த இறக்கையில் வெளிறிய புள்ளிகள். முதலாவதன் புழு நாற்றின் மெல்லிய வேரைத் தின்னும். இரண்டாவது பாசி தின்று பிழைப்பது. தண்ணீரைக் குறைத்தால் பாசியோடு அதுவும் குறையும்.

சந்தேகமா? ஊட்டி உருளைக்கிழங்கு ஒன்றை வட்டமாக நறுக்கி, கோகோபீட்டின்மேல் அழுத்தி வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பினால், பளபளவென்று கறுத்த தலையும் கண்ணாடி உடம்புமாகப் புழு நெளிந்தால் பூஞ்சை ஈ. பாசி ஈயின் புழுவுக்கு அந்தக் கறுத்த தலை கிடையாது.

யாரென்று தெரியுமுன் மருந்து அடிப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும்.

அந்த வருடம் புது நாற்று வைத்து ஒரு மாதம் இருக்கும். டிரிப் குழாயின்மேல், செடிக்குக் கட்டிய கம்பிவலையின்மேல், சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன ஈக்கள். வீட்டு ஈயில் பாதிதான் இருக்கும். ஒரு கம்பியில் இரண்டு ஈ ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதைப் பார்த்தேன். சரிதான், இனப்பெருக்கம் ஆரம்பித்துவிட்டது, இனி பாலிஹவுஸ் முழுக்க இதுதான் என்று பதறினேன். போட்டோ எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் போட்டோவைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அவரைக் குறை சொல்லி என்ன, நானும்தான் சரியாகப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே அடித்தேன். மறுநாள் ஒரு சாம்பல் ஈ இல்லை. பெருமையாக இருந்தது.

மூன்றாவது வாரம் நாற்றுகள் வாட ஆரம்பித்தன. பிடுங்கினால் கையோடு வந்தது, வேரே இல்லை. பூச்சி ஒட்டுவதற்குத் தொங்கவிட்ட பசை தடவிய மஞ்சள் அட்டை முழுக்கப் பூஞ்சை ஈ. கடித்த இடம் வழியாக வாடல் நோயும் புகுந்து, இரண்டு பாத்தியை அப்படியே எடுத்துக் கொட்டினேன்.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்க எனக்கு அதன் பிறகுதான் தோன்றியது. மேலே இருந்தது சாம்பல் ஈ. கீழே இருந்தது அதன் ஜோடி இல்லை. முன்காலால் கவ்விப் பிடித்த பூஞ்சை ஈ! தின்றுகொண்டிருந்ததைத்தான் நான் கலவி என்று நினைத்திருக்கிறேன். வேட்டை ஈ அது, கோயனோசியா என்ற பேரினம் (நெருங்கிய இனங்களின் கூட்டம்). வீட்டு ஈயின் குடும்பமேதான், அதனால்தான் சாயல். பறக்கிற பூஞ்சை ஈ, பாசி ஈ, வெள்ளை ஈ எல்லாவற்றையும் காற்றிலேயே பிடிக்கும். அதன் புழுவும் மண்ணுக்குள் மற்றப் புழுக்களைத் தின்று வளர்வது. சம்பளமில்லாமல் வந்து வேலை செய்தவனை நானே கொன்றேன். மருந்துக்கும் காசு கொடுத்தேன்.

ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வீட்டு ஈ அலைந்துகொண்டே இருக்கும், கண்டதை நக்கும். வேட்டை ஈ உயரமான இடமாகப் பார்த்து அசையாமல் உட்காரும். விசுக்கென்று பாய்ந்து, பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும்.

மேலிருந்து ஒரே ஒரு போட்டோ

பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று, விரித்த இறக்கை ஒன்று. நல்ல படம் பல நேரம் பேரினம் வரைக்கும் கொண்டுபோகும். அதற்குமேல் இனப்பெயர் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஈயே கையில் இருக்க வேண்டும்.

'நம்ம மலை ஈதான்' என்று நம்புவது

நாற்று பெங்களூரிலிருந்து வருகிறது, லில்லியம் கிழங்கு ஹாலந்திலிருந்து, கோகோபீட் பொள்ளாச்சியிலிருந்து. ஈ மட்டும் இந்த ஊர்க்காரனாக இருக்க வேண்டுமா? இலைக்குள் பாம்புக் கோடு போடும் லீஃப் மைனர் அமெரிக்கக் கண்டத்து ஈ. 1990களின் தொடக்கத்தில்தான் இந்தியாவில் தென்பட்டது. உள்ளூர்ப் பட்டியலில் இல்லையென்றால் அந்த வாரம் லாரியில் என்ன வந்தது என்று பாருங்கள்.

சானிடைசரில் போட்டு வைப்பது

ஜெல்லில் போட்டால் ஈ கூழாகிவிடும். கெடாமல் வைக்க 70 சதவீத ஆல்கஹால் வாங்குங்கள்.

மஞ்சள் அட்டையோடு அனுப்புவது

வேண்டாம். பசையில் இறக்கை நரம்பு போய்விடும். உயிரோடு குப்பியில் பிடித்து, ஃப்ரீசரில் வைத்து, பிறகு ஆல்கஹாலில் போடுங்கள். அனுப்புவதற்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறை இருக்கிறது. பெங்களூரில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இருக்கிறது. எங்கே, எப்போது பிடித்தது என்று எழுதிய சீட்டில்லாத ஈயை யார் பார்த்தும் பிரயோஜனமில்லை. பேனா மை ஆல்கஹாலில் கரையும், பென்சிலால் எழுதுங்கள்.

தம்பியும் நானும் அன்று மூன்று ஈ பிடித்தோம். சீட்டில் தேதி, ஊர், உயரம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியை அவனையே எழுதச் சொன்னேன். லென்ஸில் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினான்: 'கார்னேஷன். டிரிப் குழாய்மேல். முன்காலில் பூஞ்சை ஈ.'