எடை ஏறலைன்னு நிம்மதியா இருந்துடாதீங்க: மாதவிடாய் நின்னப்புறம் நாம பண்ற தப்புங்க

பாலக்கோட்டுல இருக்குற எங்கம்மாவுக்கு 53 வயசு, மாதவிடாய் நின்னு நாலு வருஷம் ஆச்சு. போன பொங்கலுக்கு பழைய ஜாக்கெட் ஒண்ண எடுத்துப் போட்டாங்க, கை ரெண்டும் தொளதொளன்னு ஆடுது, ஆனா கீழ் ஹூக் ரெண்டையும் மாட்டவே முடியல. எடை பாத்தா 58 கிலோ, பல வருஷமா அதே 58தான். "எடைதான் ஏறலையே கண்ணு, அப்புறம் என்ன"ன்னாங்க. இங்கதாங்க நெறைய பேரு ஏமாந்து போறோம்.

பொம்பளைங்க ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் நல்லா சுரக்குற வயசுல கொழுப்பு பெரும்பாலும் தொடை, இடுப்புன்னு தோலுக்கு அடியில போய் சேரும், மாதவிடாய் நின்னு அந்த ஹார்மோன் கொறைஞ்சதும் வயித்துக்குள்ள குடலச் சுத்தி சேர ஆரம்பிக்குது, அதே சமயம் கை கால் சதையும் கரையுது, அதனாலதான் தராசுல ஒண்ணும் தெரியறதில்ல.

கொழுப்புன்னா சும்மா சேத்து வச்ச மூட்டைன்னு நெனைக்கிறதும் தப்புதான். அது ஹார்மோன் சுரக்குற உறுப்புங்க. 1994ல கண்டுபிடிச்ச லெப்டின்ங்கிற ஹார்மோன் "போதும், சாப்டாச்சு"ன்னு மூளைக்கு சேதி சொல்லும், ஆனா கொழுப்பு கூடிட்டா லெப்டினும் கூடி, மூளை அத காதுல வாங்கறதையே கொறைச்சிடும். அடிபோனெக்டின்னு இன்னொண்ணு, இன்சுலின நல்லா வேலை செய்ய விடும், ரத்தக்குழாய்க்கும் நல்லது, ஆனா வயித்துக் கொழுப்பு கூடக் கூட இது கொறையும். அதுக்கு பதிலா அழற்சிய தூண்டுற பொருளுங்க கெளம்பி வருது, கொழுப்பு அமிலம் நேரா கல்லீரலுக்குப் போகுது. சுகர், பிபி, ட்ரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பு எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஏறுறதுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

இதப் படிச்சிட்டு லெப்டின் டெஸ்ட் எடுக்கணும்னு ஆயிரக்கணக்குல செலவு பண்ணாதீங்க, அத வச்சு டாக்டர் உங்களுக்கு மருந்த மாத்தப் போறதில்ல. ஒரு இஞ்ச் டேப் போதும். ஆனா பாவாடை நாடா கட்டுற எடத்துல அளக்காதீங்க, எங்கம்மா மொதல்ல அங்கதான் அளந்தாங்க, 31 வந்துச்சு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பு மேட்டுக்கும் நடுவுல வச்சு, மூச்ச விட்டுட்டு அளந்தா 35. நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது சுமார் 31 அரை இஞ்ச், அதுக்கு மேல போனா சுகர், பிபி, கொலஸ்ட்ரால் பாத்தே ஆகணும். 2021 ஆகஸ்ட்ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தொடங்கி வச்ச மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசுத் திட்டம் இருக்கே, அவங்க வீடு தேடி வந்து பிபி, சுகர் பாக்குறாங்க, "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு திருப்பி அனுப்பாதீங்க.

ராகி நல்லதுதான், அதுக்காக ரெண்டு பெரிய களி உருண்டைய வெறும் கொழம்புல தொட்டு முழுங்குனா மாவுச்சத்துதான் ஏறும், ஒரு சின்ன உருண்டை, கூட கீரை, பயறு, முட்டைன்னு சேருங்க. பட்டினி கெடந்தா மிச்ச சதையும் போயிடும். நடக்கறதோட, சேர்ல இருந்து கைய ஊணாம எழுந்து உக்கார்ற மாதிரி சதைக்கு வேலை குடுங்க, எடை எறங்கலைன்னாலும் உள்ள இருக்குற கொழுப்பு கொறையும்.

45 வயசுக்கு முன்னாடியே கர்ப்பப்பையோட சினைப்பையையும் எடுத்தவங்களுக்கு இதெல்லாம் இன்னும் சீக்கிரமே ஆரம்பிக்கும், அத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. இதயத்துக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்கன்னு ஹார்மோன் மாத்திரைய நீங்களா வாங்கிப் போடாதீங்க.

கடைசியா ஒண்ணு, இதுல எனக்கு ரொம்ப ஆதங்கம். படி ஏறுனா மூச்சு வாங்குது, தாடையோ முதுகோ வலிக்குது, சும்மா உக்காந்திருக்கையிலயே வேர்த்துக் கொட்டுதுன்னா "வாயுப் புடிப்பு"ன்னு ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்துடுறாங்க. பொம்பளைங்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும், நெஞ்சு வலி பெருசா இல்லாமலே வரும். திடீர்னு இப்படி ஆச்சுன்னா காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரி எந்நேரமானாலும் 108க்கு போன் போட்டு, போனதும் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க.