குழாயில் சத்தம்: எங்கே என்று தேடுவதற்கு முன் எப்போது என்று பாருங்கள்

சுவரில் காதை வைத்து, சத்தம் பலமாகக் கேட்கும் இடத்தைக் கொத்திப் பார்ப்பதில் பெரும்பாலும் பலன் இருக்காது. இரும்பு, செம்புக் குழாய்கள் அதிர்வைப் பல மீட்டர் கடத்திவிடும். மாடி வால்வு போடும் சத்தம் கீழ்த்தளச் சுவரில் தெளிவாகக் கேட்கலாம். அதனால் சத்தம் வரும் நேரத்தை முதலில் பிடியுங்கள். அப்போது எந்தக் குழாய் ஓடியது, வெந்நீரா பச்சைத் தண்ணீரா, திறந்ததும் வந்ததா மூடியதும் வந்ததா என்று இரண்டு மூன்று நாள் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

யாரும் தண்ணீரைத் தொடாதபோது

முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான், ஏனென்றால் எங்கோ தண்ணீர் வீணாகிறது என்று அர்த்தம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு வாட்டர் மீட்டரில் உள்ள சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். சுற்றினால் கசிவு உண்டு. மிக மெல்லிய கசிவு என்றால் அளவைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் தண்ணீர் புழங்காமல் இருந்து மறுபடி பாருங்கள். மேல்நிலைத் தொட்டி உள்ள வீட்டில், தொட்டிக்குப் பிந்தைய கசிவை மீட்டர் உடனே காட்டாது. தொட்டிக்கு வரும் தண்ணீரை நிறுத்தி, நீர்மட்டத்துக்குக் கோடு போட்டுக் கவனியுங்கள்.

அடுத்து ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் விடும் சின்ன வால்வை, அதாவது ஆங்கிள் காக்கை மூடுங்கள். சத்தம் நின்றால் ஆள் அகப்பட்டார். அவ்வப்போது சில விநாடி மட்டும் 'உஸ்' என்று நிரம்பி அடங்குகிறதா? அந்த வால்வைத் திறந்து, டேங்கில் உணவு நிறமி பத்துச் சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் ஒன்று அடி வால்வின் ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது தண்ணீர் அளவுக்கு மேல் நிரம்பி, டேங்குக்குள் நிமிர்ந்து நிற்கும் வழிகுழாய் வழியாகப் போகும். நீர்மட்டம் வழிகுழாயின் வாய்க்கு 2 முதல் 3 செ.மீ. கீழே நிற்கும்படி மிதவையைச் சரிசெய்யுங்கள். அப்படியும் நிறம் இறங்கினால் ரப்பரை மாற்ற வேண்டியதுதான்.

ஃப்ளஷ் டேங்க் காரணம் இல்லையென்றால் நீள ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். நுனியைக் குழாயிலோ வால்விலோ ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். கசிவு விடாத சீறலாகக் கேட்கும். பிளாஸ்டிக் குழாயில் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடுவதால் அரை மீட்டருக்கு ஒருமுறை ஊன்றிப் பார்க்க வேண்டும். வீடு அடங்கிய ராத்திரி நேரம்தான் இதற்குச் சரி.

மூடியதும் 'டொம்'

ஓடும் தண்ணீர் சட்டென்று நிற்கும்போது அதன் வேகம் முழுதும் அழுத்தமாக மாறுகிறது. இரும்புக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரைத் திடீரென நிறுத்தினால், ஒரு கணம் சுமார் 12 பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தம் கூடுதலாக ஏறும். வாஷிங் மெஷின் வால்வும் ஒற்றைக் கைப்பிடிக் குழாயும்தான் வழக்கமான காரணங்கள். கைப்பிடியை மெதுவாக மூடிப் பாருங்கள். சத்தம் வரவில்லையென்றால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு நேரே சாமான் வாங்கப் போகாதீர்கள். முதலில் ஒரு குழாயில் பிரஷர் கேஜ் (அழுத்தமானி) மாட்டி, மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு அளவைப் பாருங்கள். 5.5 பாருக்கு மேல் இருந்தால் அழுத்தம் குறைக்கும் வால்வு போட்டு, 3 முதல் 4 பாருக்குள் வையுங்கள். பிறகு கண்ணில் படும் குழாய்களைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொருவரை மூடச் சொல்லுங்கள். பிடித்ததும் சத்தம் குறைந்தால் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தும் அடித்தால்தான், தண்ணீரின் அடியை வாங்கிக்கொள்ளும் அதிர்ச்சி தாங்கி தேவை. அதை சத்தம் போடும் வால்வுக்குப் பக்கத்திலேயே டீ (மூன்று வழி இணைப்பு) வைத்துப் பொருத்த வேண்டும். மோட்டார் அருகே பொருத்தினால் பெரிய பயன் இருக்காது.

ஓடும்போது

பாதி திறந்தால் மட்டும் கிறீச்சிடும் குழாயில் வாஷர் தளர்ந்தோ தேய்ந்தோ இருக்கும். பாதி மூடிய கேட் வால்வும் சீறும், முழுக்கத் திறந்து பாருங்கள். டேங்க் நிரம்பி முடியும் நேரத்தில் வீடு முழுக்க 'ஊ' என்று ஊளையிட்டால், மிதவையைக் கையால் சற்று அழுத்துங்கள். வால்வு நன்றாகத் திறந்து ஊளை நின்றால் அதன் வாஷரையோ டயஃப்ரத்தையோ மாற்றுங்கள்.

வெந்நீர் திறந்த சில நிமிடம் 'டிக் டிக்' என்று கேட்டுப் பிறகு அடங்குவது ஆபத்தில்லாதது, குழாய் நீள்கிறது. 5 மீட்டர் சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 12 மி.மீ. நீளும், செம்பு 3.5 மி.மீ. வரை நீளும். கிளாம்ப் இறுக்கமாகப் பிடிக்கும் இடத்திலும் சுவர்த் துளையிலும் உரசல் வரும். அங்கே ஃபெல்ட் துண்டு செருகினால் போதும். கீசருக்குள் பொரிவதுபோல் சத்தம் வந்தால் உப்புப் படிவம். மின்சாரத்தை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகு வடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

கழிவுநீர்ப் பக்கம் 'களக் களக்' என்று கேட்டால் காற்று வழி தேடுகிறது. ஒருவர் ஃப்ளஷ் செய்யும்போது, குளியலறைத் தரை ட்ராப்பில் (வாடை வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் பகுதி) டார்ச் அடித்துப் பாருங்கள். நிற்கும் தண்ணீர் குதித்தாலோ இறங்கினாலோ வென்ட் பைப் (கழிவுக் குழாய்க்குக் காற்று விடும் குழாய்) அல்லது பொது லைன் அடைபட்டிருக்கிறது. ட்ராப்பில் பொதுவாக 50 மி.மீ. தண்ணீர்தான் வாடையைத் தடுக்கிறது. அது உறிஞ்சப்பட்டால் அடுத்து நாற்றம் வரும். இந்த அடைப்பு கூரைப் பக்கமோ வெளி லைனிலோ இருக்கும்போது, சிங்க்கில் அமிலம் ஊற்றி எந்தப் பயனும் இல்லை.

வீட்டுக் குழாய்களுக்கு அழுத்தம் தரும் மோட்டார், யாரும் குழாயைத் திறக்காமலே ஓடி ஓடி நின்றால், அதனுடன் உள்ள காற்றடைத்த அழுத்தத் தொட்டிக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் வால்வை மூடிவிட்டு கேஜைப் பாருங்கள். முள் இறங்கினால் கோளாறு மோட்டார் பக்கம், பெரும்பாலும் என்.ஆர்.வி. (தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு). முள் அசையாமல் நின்றால் கசிவு வீட்டுக்குள். குழாய் ஓடும்போதே மோட்டார் சில விநாடிக்கு ஒருமுறை ஓடி நின்றால் அழுத்தத் தொட்டியில் காற்று குறைந்திருக்கும். மின்சாரத்தை அணைத்து, தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 0.2 பார் குறைவாகக் காற்றடியுங்கள்.