பழைய ராணுவ ஜீப்புக்கு டயரும் டிஸ்க்கும்: நம்ம ஊரில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

திருநெல்வேலியில் எந்த டயர் கடையில் போய் 6.00-16 என்று கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் ஒரு டயர் உருண்டு வரும். விலையும் கைக்கு அடக்கமாக இருக்கும். "சைஸ் ஒண்ணுதான் அண்ணாச்சி, ஜீப்புக்கு அப்படியே உட்காரும்" என்பார் கடைக்காரர். அவர் சொல்வது பொய் இல்லை, உட்காரத்தான் செய்யும். ஆனால் அது டிராக்டரின் முன்சக்கர டயர்.

நான் பார்த்தவரை நம்ம பக்கத்தில் பழைய ஜீப்புகளுக்கு நடக்கும் முதல் தவறு இதுதான். அந்த டயரில் நீளவாக்கில் மூன்று வரி ஓடும். டிராக்டரின் முன்சக்கரம் வண்டியை இழுப்பதில்லை, வழிகாட்ட மட்டும் செய்கிறது. வயலில் பக்கவாட்டில் சறுக்காமல் திரும்புவதற்காகச் செய்த அமைப்பு அது. ஜீப்பின் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். அதற்கான பிடிப்பு இந்த டயரில் கிடையாது. அதைவிட முக்கியம் வேகம். டயரின் பக்கவாட்டில் எஃப்-2 என்ற குறியும், எடை எண்ணுக்குப் பக்கத்தில் ஏ6 அல்லது ஏ8 என்ற வேகக் குறியும் இருக்கும். ஏ6 என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், ஏ8 என்றால் 40. இந்த டயரோடு நாங்குநேரி நாலுவழிச்சாலையில் சித்திரை வெயிலில் 60-ல் போனால் டயர் உள்ளுக்குள் சூடேறி, ஒருநாள் அடுக்கு பிரிந்து வந்துவிடும். பணம் கொடுக்கும் முன் அந்தக் குறியை நீங்களே படித்துப் பாருங்கள்.

சரி, சரியான டயர் எது? இரண்டாம் உலகப்போர் காலத்து வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப்புகளுக்கு வந்தது 6.00-16, ஆறு பிளை, அதாவது ஆறு அடுக்கு பலம். பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள், குறுக்குக் கட்டைகள் மாதிரி இருக்கும். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒரே பிடிப்பு கொடுக்கும் அமைப்பு என்பதால் என்டிடி (நான்-டைரக்ஷனல் டிரெட்) என்று அழைப்பார்கள். பின்னால் வந்த மஹிந்திரா ஜீப்புகள் பலவற்றுக்கும் அதே 6.00-16தான். ராணுவத் தோற்றம் வேண்டும் என்றால் என்டிடிக்கு ஈடு கிடையாது, எனக்கும் அதன்மேல் ஆசைதான். ஆனால் தார் ரோட்டில் இரைச்சல் போடும், ஈரத்தில் வழுக்கும். சாரல் காலத்தில் தென்காசி ரோட்டில் இந்த டயரோடு பிரேக் அடித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும் எடுக்கிற வண்டியா, வாரம் ஒருமுறை அம்பாசமுத்திரம் போய் வருகிற வண்டியா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டாவது வகை என்றால் அதே உயரத்தில் ரேடியல் போடுவதில் குற்றமே இல்லை. 205/80 ஆர்16 ஏறக்குறைய 28.9 அங்குல உயரம் வரும். பழைய 6.00-16 டயரும் 28-29 அங்குலத்துக்குள்தான் இருக்கும்.

உயரத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அடுத்த தவறு அங்கேதான் நடக்கிறது. வண்டி எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சின்ன லாரிகளுக்கு வரும் 7.50-16 டயரை மாட்டுகிறார்கள். அது 31 அங்குலத்துக்கு மேல் போகும். போர்க்கால ஜீப்பின் இன்ஜின் சக்தி 60 குதிரை மட்டுமே. அந்த இன்ஜினுக்கும் 28 அங்குலச் சக்கரத்துக்கும் கணக்குப் போட்டு வைத்த அச்சின் பல் விகிதம் வில்லிஸில் 4.88. பின்னால் வேறு இன்ஜினோடு வந்த சிஜே3பி ஜீப்பில் 5.38. சக்கரம் பத்து சதவீதம் பெரிதானால் அந்தக் கணக்கு முழுவதும் கலைந்துபோகும். மேட்டில் கியர் இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் ஓடும், ஏற்கெனவே சுமாரான டிரம் பிரேக்குக்கு வேலை கூடும், ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் ஸ்பிரிங் பட்டையில் உரசும். லாரி டயரின் பிளை அதிகம் என்பதால் ஆயிரத்து நூறு கிலோ ஜீப்புக்கு அது கல் மாதிரி இருக்கும், இடுப்பு தாங்காது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடையாக நிற்கும்.

பணம் போதாமல் இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போடுவதும் உண்டு. காரில் அதைச் சமாளிக்கலாம். ஜீப்பில் ஃபோர்வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புது டயர் என்றால் இரண்டும் வேறு வேறு தூரம் உருளப் பார்க்கும். மணலிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். கெட்டித் தரையில் தீராது. முறுக்கம் ஏறி, ஃபோர்வீல் லீவர் வெளியே வராமல் இறுகும், கடைசியில் இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பல்லைத் தின்றுவிடும். ரேடியலும் சாதா நைலான் டயரும் கலந்து போடுவதும் அதே வினைதான். ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்தும் ஒரே வகையாக, ஒரே உயரமாக இருக்கட்டும்.

இப்போது டிஸ்க், அதாவது டயர் உட்காரும் இரும்புச் சக்கரம். இதை நிதானமாகப் படியுங்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

போர்க்கால ஜீப்புகள் பலவற்றில் 'காம்பேட் ரிம்' என்ற சக்கரம் இருக்கும். இரண்டு பாதிகளை நட்டுப் போட்டு இறுக்கியது. பாளையங்கோட்டையில் என் நண்பரிடம் இருக்கும் 1943ஆம் ஆண்டு ஃபோர்டில் அதுதான். சக்கரத்தின் நடுவில் ஹப்போடு பிடிக்கும் ஐந்து நட்டு. அதற்கு வெளியே வட்டமாக இன்னொரு வரிசை நட்டு, அவைதான் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கின்றன. பஞ்சர் கடைக்கு வரும் சின்னப் பையனுக்கு எல்லா நட்டும் ஒன்றுதான். காற்று இருக்கும்போது வெளி வரிசையைக் கழற்றினால் பாதி ரிம் பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து வரும். ஒரு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம், டயருக்குள் எத்தனை சதுர அங்குலம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலில் வால்வு பின்னைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கிய பிறகே அந்த வரிசையில் கை வைக்க வேண்டும். நண்பர் அந்த நட்டுகளுக்கு மட்டும் சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார். துருப் பிடித்து விளிம்பு மெலிந்த ரிம்மை வெல்டிங் வைத்துத் தேற்றப் பார்க்காதீர்கள், அது பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியது. லாக் ரிங் போட்ட பழைய ராணுவ லாரிச் சக்கரங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். காற்றுப் பிடிக்கும்போது கூண்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள், எதிரே நிற்காதீர்கள்.

இன்னொன்று, இந்த ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டு இடமரை. வலமாகச் சுற்றினால் கழறும், இடமாகச் சுற்றினால் இறுகும். இது தெரியாமல் வள்ளியூர்ப் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி ஏறி மிதித்ததில் நண்பரின் ஜீப்பில் இரண்டு ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) முறிந்தது. அன்று ராத்திரி மூன்று நட்டில் ஊர் வந்து சேர்ந்தோம், முப்பதுக்கு மேல் போகவில்லை. வண்டியை யார் கையில் கொடுத்தாலும் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். யாராவது ஹப்பை மாற்றியிருந்தால் சாதா மரையாகவும் இருக்கலாம், அதனால் உங்கள் வண்டியில் எது என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேறு வண்டி டிஸ்க் வாங்குவோருக்கு: ஜீப்பில் ஐந்து துளை, துளைவட்டம் ஐந்தரை அங்குலம். ஜிப்ஸி டிஸ்க்கும் அதே அளவுதான். துளை பொருந்தினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நடு ஓட்டையும், டிஸ்க் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பதும் பொருந்த வேண்டும். அகலமான ரிம்மை வெளியே தள்ளி மாட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சுமை பேரிங்கிலும், முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னிலும் இறங்கும். டிஸ்க்குக்கு பெயிண்ட் அடிக்கும்போது நட்டு உட்காரும் இடத்தில் தடிமனாக அடிக்க வேண்டாம். நூறு கிலோமீட்டரில் பெயிண்ட் நசுங்கி நட்டு தளர்ந்துவிடும்.

பழைய ரிம்மில் டியூப்லெஸ் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ரிவிட் அடித்த டிஸ்க்கில் காற்று கசியும், டயர் விளிம்பைப் பிடித்து வைக்கும் மேடும் அந்தக் காலத்து ரிம்மில் கிடையாது. டியூப் போடுங்கள். ரேடியல் டயர் என்றால் ரேடியலுக்கென்று வரும் டியூப்பையே கேட்டு வாங்குங்கள்.

ஏலத்தில் "பிரிக்காத ராணுவ டயர்" என்று கிடைத்தால் ஆசைப்படும் முன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தையது, பட்டன் முழுசாக இருந்தாலும் ரப்பர் செத்துப்போயிருக்கும். காட்சிக்கு வைக்கலாம், ரோட்டில் ஓட்டக் கூடாது.

கடைசியாகக் காற்று. திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் இறங்குபவர்கள் அகல டயர் தேடுகிறார்கள். காற்றைக் குறைத்தாலே ஒல்லி டயரும் மணலில் படுத்து ஏறிவிடும். ஆனால் டியூப் வண்டியில் அளவுக்கு மீறிக் குறைத்தால் டயர் ரிம்மின் மேல் வழுக்கும், கூடவே டியூப்பும் நகர்ந்து வால்வை அறுத்துக்கொள்ளும். வால்வு சாய்ந்து நின்றால் டியூப் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். நான் மணலில் இறங்கும் முன் வால்வுக்கு நேராக டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்வேன். கோடு விலகியிருந்தால் அங்கேயே நிறுத்திக் காற்று ஏற்றிவிடுவேன். கைப் பம்பு எப்போதும் பின் சீட்டுக்கு அடியில் கிடக்கும்.