தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேரும் முன் விசாரிக்க வேண்டியவை

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்துவிட்டு வேலை தேடுகிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது சம்பளம் எவ்வளவு, என்ன பதவி என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. அங்கே மொத்தம் எத்தனை பேர், நீங்கள் எழுதுகிற தாள் எத்தனை மேசை தாண்டிக் கையெழுத்தாகும்? குழந்தைகள் பாதுகாப்பில், ஏழே பேர் இருந்த நிறுவனத்திலும் வேலை பார்த்திருக்கிறேன், பல மாவட்டங்களில் கிளை வைத்திருந்த நிறுவனத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். படித்த படிப்பும் சட்டமும் ஒன்றுதான், ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை செய்த வேலை ஒன்றாக இருக்கவில்லை.

பேருந்து நிலையத்தில் ஒரு பையன் தனியாக நிற்கிறான் என்று சாயங்காலம் போன் வருகிறது, வைத்துக்கொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும், இப்படிப்பட்ட குழந்தைகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது அந்தக் குழுதான். சின்ன நிறுவனத்தில் அதை நடத்திய அக்காவுக்கு நான் ஒரு போன் போட்டால் போதும், "முதல்ல சாப்பாடு வாங்கிக் குடு, பில்லை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார், அனுமதி முடிந்தது. பெரிய இடத்தில் வண்டிக்கு ஒருங்கிணைப்பாளர் சொல்ல வேண்டும், அவருக்குத் திட்ட மேலாளர் சொல்ல வேண்டும், கணக்குப் பிரிவோ ஆறு மணிக்குப் பூட்டியிருக்கும். பையன் பசியோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

இதைக் கேட்டுவிட்டு சின்ன நிறுவனம்தான் நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தப் பெரிய இடத்தில் ஆற்றுப்படுத்துநர் தனியாக இருந்தார், இரவுப் பணிக்கு முறை வைத்திருந்தார்கள், ஒரு வழக்கு மனதைப் பிசைந்தால் உட்கார்ந்து பேச மேற்பார்வையாளர் இருந்தார். சின்ன இடத்தில் ஆலோசனை சொல்வதும் நான், வவுச்சர் எழுதுவதும் நான், காவல் நிலையத்துக்குப் போவதும் நான். டைபாய்டு வந்து இரண்டு வாரம் படுத்தேன், திரும்பிப் போனபோது என் கோப்புகள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. அந்த இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டிய குழந்தைகளை யாரும் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் அது உறுத்துகிறது. அதனால் நேர்காணலில், "நான் விடுப்பு எடுத்தால் என் குழந்தைகளை யார் பார்ப்பார்கள்?" என்று கட்டாயம் கேளுங்கள். பெயரோடு பதில் வர வேண்டும்.

அப்புறம் அரசுப் பக்கம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சேர்ந்தால் அரசு வேலை என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள், ஆனால் அங்கே பல பதவிகள் ஒப்பந்தம், தொகுப்பூதியம் என்பதை விளம்பரத்திலேயே படித்துவிடுங்கள். வேலையும் பதவிவாரியாகப் பிரிந்திருக்கும். குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் குழந்தை என்றால் நிறுவனம் சார்ந்த பாதுகாப்பு அலுவலர், உறவினர் வீட்டிலோ வளர்ப்புப் பராமரிப்பிலோ என்றால் நிறுவனம் சாரா பாதுகாப்பு அலுவலர். பொறுப்பு தெளிவாக இருக்கும், அது பெரிய பலம். ஆனால் கை மாறும்போதெல்லாம் குழந்தை தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டி வரும். அதைத் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது: குழந்தை ஒரு தடவை சொன்னதை அதன் வார்த்தையிலேயே கோப்பில் எழுதுங்கள், எதைத் திரும்பக் கேட்கக் கூடாது என்றும் எழுதுங்கள், முடிந்தால் அடுத்தவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துவையுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். வெளிநாட்டு நிதி என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, முன்பு 50 வரை போகலாம். ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதும் நின்றுவிட்டது, பெரிய நிறுவனங்கள் வழியாக நிதி வாங்கி நடந்த கிராமத்துச் சின்ன அமைப்புகளுக்கு அது பெரிய அடி. கணக்காளருக்கே சம்பளம் தர முடியாத இடத்தில் அந்தக் கணக்கு வேலை உங்கள் தலையில்தான் விழும். திட்டம் எந்த மாதத்தோடு முடிகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமைப்பு நடுவில் மாறவும் செய்யும். 1996இல் மும்பையில் தொடங்கிய குழந்தைகள் உதவி எண் 1098, பல ஆண்டுகள் தொண்டு நிறுவனங்கள் கையில் ஓடியது, பிறகு மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. எண் அதேதான், அழைப்பை எடுப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மாறிவிட்டது.

சரி, கடைசியாக ஒன்று. சேரும் முன் அனுமதி கேட்டு ஒரு சாயங்காலம் அந்த அலுவலகத்தில் போய் உட்காருங்கள். ஐந்தரை மணிக்கு மேல் போன் அடித்தால் யார் எடுக்கிறார்கள், எடுத்தவர் தானே முடிவு சொல்கிறாரா, இல்லை வேறு யாரையாவது தேடுகிறாரா என்று பாருங்கள். முன்னறையில் காத்திருக்கும் அம்மாவிடம் யாராவது தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்களா என்றும் பாருங்கள்.