காசு விழுகிறது, குதிரை ஆடவில்லை: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

வட சென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடை வாசலில் காசு போட்டால் ஆடும் குதிரையோ காரோ வீடியோ கேம் பெட்டியோ வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால், முக்கால்வாசி நேரம் வரும் பேச்சு இதுதான்: "அண்ணே, காசு உள்ள போவுது, ஒண்ணும் நடக்கல, போர்டு போயிடுச்சு போல." போர்டு, அதாவது உள்ளே மெஷினை ஓட்டும் சர்க்யூட் பலகை, அவ்வளவு சீக்கிரம் போகாது. இந்த வேலையை இப்போதுதான் கற்கிறீர்கள் என்றால் ஒரு பழக்கத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். காசு போன வழியிலேயே நீங்களும் போங்கள், போர்டைக் கடைசியில் தொடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், டெஸ்டர், இரண்டு அளவில் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் அயர்ன், டார்ச், பழைய டூத் பிரஷ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில். எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்

சுவிட்சை அணைத்தால் போதாது. பழைய கட்டடங்களில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பார்கள், அணைத்த பிறகும் உள்ளே பேஸ், அதாவது ஷாக் அடிக்கும் லைன், நிற்கும். மோட்டார் கண்டென்சரும் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பழைய குண்டு பிக்சர் டியூப் உள்ள கேம் பெட்டி என்றால் டியூபின் பின்புறம் கையே வைக்காதீர்கள். அதன் ரப்பர் மூடிக்கு அடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் தங்கும். அனுபவமுள்ளவர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்கும் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

காசு போகும் பாதை

கதவைத் திறந்து, காசு போடும் வாயிலிருந்து காசு சேரும் பெட்டி வரை டார்ச் அடித்துப் பாருங்கள். ஐஸ் குச்சி, மடித்த பஸ் டிக்கெட், வளைந்த டோக்கன் என்று ஏதாவது சிக்கியிருக்கும். எடுத்துவிட்டு, ஆல்கஹால் தொட்ட பிரஷால் பாதை முழுக்கத் துடையுங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், விட்ட அன்றைக்குக் காசு வழுக்கிக்கொண்டு போகும், ஒரு மாதத்தில் தூசி எல்லாம் அதில் ஒட்டிப் பசையாகிவிடும்.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு பிரச்சினை, உப்புக்காற்று. கடலிலிருந்து நாலு தெரு உள்ளே இருந்தாலும் இரும்பு ஸ்க்ரூ பூத்துப்போகும், சுவிட்சின் முனைகளில் பச்சையாகப் பாசி மாதிரி படியும். பார்க்க ஒயர் மாட்டித்தான் இருக்கும், மின்சாரம் போகாது.

எந்தக் காசு என்று கேளுங்கள்

இதைப் பலர் கேட்பதே இல்லை. 1992-இல் வந்த ஒரு ரூபாய் 25 மி.மீ. அகலம், 4.85 கிராம். 2011-இல் வந்த இரண்டு ரூபாயும் அதே 25 மி.மீ., அதே 4.85 கிராம், உலோகமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். 2011-இன் ஒரு ரூபாய் 22 மி.மீ. அளவுக்குச் சுருங்கியது, 2019 வரிசையில் 20 மி.மீ. ஆனது. ஐந்து ரூபாயோ 23-இலிருந்து 25 மி.மீ.க்கு வளர்ந்தது. பழைய காசுக்குப் பழக்கிய மெஷின் புதுக் காசைத் துப்புவது கோளாறே இல்லை, அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. இந்தத் தலைவலிக்குத்தான் நான் எல்லோரையும் டோக்கனுக்கு மாறச் சொல்கிறேன்.

இன்னொன்று, பழைய மெக்கானிக்கல் வகையில் காசுக்குப் பதில் போடும் இரும்பு வில்லையைப் பிடிக்கக் காந்தம் வைத்திருப்பார்கள். நம் ஒரு ரூபாய் ஸ்டீல் காந்தத்தில் ஒட்டும். காசு பாதி வழியில் நின்றால் காந்தத்தைப் பாருங்கள்.

காசைச் சோதித்து ஏற்கும் எலக்ட்ரானிக் காயின் அக்செப்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மாதிரிக் காசு ஒன்றை உள்ளேயே செருகியிருப்பார்கள், போடும் காசை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அந்த மாதிரிக் காசு துருப்பிடித்தாலோ நகர்ந்தாலோ எல்லாக் காசையும் திருப்பித் தள்ளும், அதைத் துடைத்து நேராக வைத்தாலே பாதி கேஸ் முடிந்தது. இன்னொன்று நாமே பழக்குவது: எத்தனை வகைக் காசு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாதிரி, போர்டுக்கு எத்தனை பல்ஸ் (சிக்னல் துடிப்பு) அனுப்ப வேண்டும் என்று பட்டனில் செட் செய்துவிட்டு, காசை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஒரே காசைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். தேய்ந்தது, புதுசு, அழுக்கானது என்று கலந்து பதினைந்து இருபது போடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு காசைத் தவிர வேறெதையும் ஏற்காது.

போர்டா, சுவிட்சா? ஒரே சோதனை

அக்செப்டரில் பெரும்பாலும் சிவப்பு 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், வெள்ளை காயின் சிக்னல். மெக்கானிக்கல் என்றால் காசு தட்டினால் அமுங்கும், கம்பி நாக்கு வைத்த ஒரு மைக்ரோ சுவிட்ச். இப்போது பிளக்கை மாட்டுங்கள், மோட்டார் பக்கம் கை போகாமல் நின்றுகொண்டு, காயின் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள். 5 அல்லது 12 வோல்ட் டிசி காட்டினால் மட்டும், அந்த இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் சட்டென்று தொட்டு எடுங்கள். கிரெடிட் (காசு விழுந்த கணக்கு) ஏறினால், குதிரை ஆட ஆரம்பித்தால், போர்டு நன்றாக இருக்கிறது. கோளாறு அதற்கு முன்னால்.

இந்தச் சோதனை தெரியாத காலத்தில், காலடிப்பேட்டையில் ஒரு அக்காவின் கடையில் போர்டையே மாற்றினேன். புது போர்டிலும் ஆடவில்லை. கடைசியில் பார்த்தால் மைக்ரோ சுவிட்சின் நாக்கு துருவேறி மேலே எழும்பவில்லை, சுவிட்ச் விலை ஒரு டீ, பன் காசுகூட இல்லை. போர்டுக்கு வாங்கிய பணத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து சிக்னலைத் தொட்டுப் பார்க்காமல் போர்டைக் கழற்றுவதில்லை.

கேம் தானாக அணைந்து அணைந்து வந்தால்

போர்டுக்குப் போகும் 5 வோல்ட்டைப் பவர் சப்ளையில் பார்க்காதீர்கள், போர்டின் மேலேயே பாருங்கள். சப்ளையில் 5.1 இருக்கும், போர்டுக்கு வரும்போது 4.7 ஆகியிருக்கும், நடுவில் அழுக்கேறிய கனெக்டர் தின்றிருக்கும். பழைய கேம்களில் போர்டையும் பெட்டியின் ஒயர்களையும் இணைக்க 56 முனை ஜாமா கனெக்டர் வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு போர்டின் விளிம்பை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து மாட்டுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் சப்ளையில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொடலாம்.

மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கண்டென்சர். கீச்சென்று கத்தினால் பெல்ட் அல்லது பேரிங். பேரிங் மேலேயே 6204 மாதிரி எண் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால் போதும்.

எர்த்

இதை விட்டுவிட்டு யாரும் கதவை மூடக்கூடாது. ஏறி உட்காருவது மூன்று நான்கு வயதுக் குழந்தை, பல நேரம் வெறுங்காலோடு, கீழே ஈரத் தரை. பிளக்கைப் பிடுங்கி, அதன் பெரிய பின்னுக்கும் குதிரையின் இரும்பு உடம்புக்கும் ஓம்ஸ் பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். பெயின்ட் மேல் வைத்துப் பார்க்காதீர்கள், சுரண்டிவிட்டு வையுங்கள். கடையின் சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்யுங்கள், மின்கசிவு வந்தால் லைனை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடச் சொல்லுங்கள். கடைக்காரர் செலவு என்று இழுத்தால் மெஷினை ஓட விடாதீர்கள், நான் விடமாட்டேன்.

ஐப்பசி பிறக்கும் முன்பே மெஷினை மரக்கட்டை மேல் ஏற்றிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று தெரியும். தண்ணீர் புகுந்த மெஷினை அப்படியே ஆன் செய்யக்கூடாது, நல்ல தண்ணீரில் சேறும் உப்பும் போகக் கழுவி, நாட்கணக்கில் காயவைத்துத்தான் தொட வேண்டும். மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை சுவிட்ச் முனைகளைத் துடைத்து, வெளி ஸ்க்ரூக்களில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும். தார்ப்பாய் போட்டால் அடியில் காற்று போக இடம் விடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இருபது காசு எண்ணிப் போடுங்கள், நனைந்த கையாலும் இரண்டு போடுங்கள், குழந்தைகள் அப்படித்தான் போடுவார்கள். இருபதுக்கும் ஆட வேண்டும், பெட்டியில் இருபதும் இருக்க வேண்டும். பிறகு தேதியையும் என்ன மாற்றினீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி, கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் பூட்டுங்கள்.